தேரூர்க் குளக்கரையில் ஓர் இயற்கை மையம் தொடங்க விரும்புவோருக்கு

நாகர்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரின் வாசகர் வட்டத்தினர் கேட்டிருப்பது இது: தேரூர், சுசீந்திரம் குளங்களை ஒட்டி ஊர்மக்களே நடத்தும் ஓர் இயற்கை மையத்தைத் தொடங்க விரும்புகிறோம், பறவை பார்ப்பதற்கான நடைபாதை, பள்ளிப் பிள்ளைகளுக்கான வகுப்புகள், அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் தேற்றி விடுவிக்கும் சிகிச்சைக்கூடம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது, சட்டம் எதை அனுமதிக்கிறது? இம்மாவட்டத்தில் நெடுங்காலம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே, சாக்குப்பையிலும் செருப்புப் பெட்டியிலும் என் மேசைக்கு வந்து சேர்ந்த கொக்கு, கூகை, மரநாய் ஆகியவற்றிடம் கற்றுக்கொண்டதைக் கொண்டு விடை சொல்கிறேன்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நடைபாதையை முதலில் தொடங்குங்கள். அதிலிருந்து வகுப்புகள் தாமாகவே முளைக்கும். சிகிச்சைக்கூடத்தைக் கடைசிக்கு வையுங்கள். இப்படிச் சொல்வது உங்கள் இரக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். என்னிடம் வந்த உயிர்களில் பெரும்பாலானவை தூண்டில் நரம்பு, நைலான் வலை, வீட்டுப் பூனை, விரைந்து வந்த வண்டி, அறியாமல் செய்த கைவைத்தியம் இவற்றால் கெட்டவை; இவை ஐந்தும் ஊருக்குள் பேசித் திருத்தக்கூடியவை. ஒரு குளத்தின் கரையில் கிடக்கும் நரம்புகளை மாதந்தோறும் பொறுக்கி எடுக்கும் பத்துப் பிள்ளைகள், நான் ஓராண்டில் காப்பாற்றியதைவிட அதிகமான கொக்குகளைக் காப்பாற்றுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல மனத்தோடு தொடங்கிய பலர் தடுமாறும் இடம் அதுதான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அட்டவணையில் உள்ள காட்டுயிர்களைப் பிடிப்பதே வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். நம் வீட்டுத் திண்ணைகளில் கூண்டுக்குள் தொங்கும் பச்சைக்கிளியும் அந்தப் பாதுகாப்புக்கு உட்பட்டதே. அப்படிப்பட்ட உயிர் ஒன்று எவ்வழியிலேனும் உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற வனத்துறை அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். அவர்கள் கேட்டால் ஒப்படைக்கவும் வேண்டும் என்று சட்டத்தின் 39-வது பிரிவு சொல்கிறது. விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் மீட்பு மையங்களையும் விலங்குக் காட்சிச்சாலை என்ற வரையறைக்குள்ளேயே சட்டம் கொண்டுவருவதால், மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையத்தின் அங்கீகாரமும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் நான்கு கூண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்ட இயலாது. இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் ஆயுள் முழுதும் கூண்டில் அடைபட்டுப்போன உயிர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே, நீங்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு முதலுதவியும் ஒப்படைப்பும் ஆகும். நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகம் இருக்கிறது. வேளிமலை, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், குலசேகரம், களியல் என வனச்சரகங்கள் இருக்கின்றன. மையத்தின் முதல் தாளே அந்தந்தச் சரகத்தின் தொலைபேசி எண்களும், எந்த ஊர் எந்தச் சரகத்தில் வருகிறது என்ற குறிப்பும் எழுதப்பட்ட தாளாக இருக்கட்டும். அதைக் குளக்கரைத் தேநீர்க் கடையிலும், மீன்பிடிப்போர் வலை உலர்த்தும் இடத்திலும், பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். உயிர் வந்த நேரம், கிடைத்த இடம், கொண்டுவந்தவர் சொன்ன காரணம், ஒப்படைத்த நேரம் ஆகியவற்றை ஒரே பதிவேட்டில் எழுதி வாருங்கள். எந்த மாதத்தில், எந்தக் கரையில், எதனால் அடிபடுகின்றன என்பது அந்தப் பதிவேட்டிலிருந்து தெளிவாகும். பின்னாளில் நீங்கள் துறையிடம் சிகிச்சைக்கூடம் கேட்டு விண்ணப்பித்தால், அதைவிட வலுவான ஆவணம் உங்களிடம் வேறெதுவும் இராது.

முதலுதவி என்பது எவ்வளவு சிறியது, எவ்வளவு எளிதில் கெடக்கூடியது என்பதை மடையான் என்னும் குளத்துக் கொக்கு ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன். ஒருநாள் மாலையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அரிசிச் சாக்கில் சுற்றி அதைக் கொண்டுவந்தான். வலது காலில் தூண்டில் நரம்பு ஏழெட்டுச் சுற்றாக இறுகி, கணுவுக்குக் கீழே கால் வீங்கிக் கறுத்திருந்தது. சிறுவனின் நெற்றியில், புருவத்துக்குச் சற்று மேலே, ரத்தம் கட்டிய ஒரு புள்ளி இருந்தது. கொக்கு இனத்துப் பறவைகள் அஞ்சினால் எதிரில் மின்னும் கண்ணை நோக்கியே அலகை எறியும். அவன் தப்பியது விரற்கடை அளவில். இவ்வினத்துப் பறவையைத் தூக்கும்போது இறகை விடவும், காலை விடவும் முதலில் தலைக்குப் பின்னால் கழுத்தைப் பிடிக்க வேண்டும், உங்கள் முகத்தை விலக்கி வைக்க வேண்டும் என்பதை அன்றே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நரம்பை வெட்டி எடுத்தோம். ஆனால் அந்தப் பறவை விடியுமுன் இறந்துவிட்டது, கொன்றது நரம்பன்று. வழியில் யாரோ ஒரு பெரியவர், தாகத்தோடு இருக்கும் என்று இரங்கி, அலகைப் பிளந்து ஒரு மூடி தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பறவையின் அலகைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். மேலிருந்து ஊற்றும் நீர் நேரே அதற்குள் இறங்கிவிடும்.

எனவே தண்ணீர் ஊற்றக் கூடாது, பால் கூடவே கூடாது, சோறு ஊட்டக் கூடாது, காயத்தில் மஞ்சள் அப்பக் கூடாது என்ற நான்கையும் ஊர் முழுக்கச் சொல்லுங்கள். செய்ய வேண்டியதோ மிகக் குறைவு. பழைய பருத்தித் துவர்த்து (துண்டு) ஒன்றை மேலே போட்டு, சிறகுகள் உடலோடு ஒட்டியிருக்குமாறு சுற்றி எடுத்து, பக்கங்களில் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மூடி, நாய்களும் பிள்ளைகளும் அணுகாத இருட்டான, காற்றோட்டமான இடத்தில் விட்டுவிட வேண்டும். நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதே காட்டுயிருக்கு ஒரு வேதனை. திறந்து திறந்து பார்ப்பவர்கள் அதன் அச்சத்தைக் கூட்டுகிறார்கள், அச்சத்தாலேயே இறக்கும் பறவைகள் உண்டு. பூனை கவ்விய பறவை வெளிக்காயமின்றி நலமாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் சேர வேண்டும், ஏனெனில் பூனையின் பல் ஊசிபோல் இறக்கிவிட்ட கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் பரவிவிடும்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் கூகைக் குஞ்சு ஒன்றை ஒரு மாதத்துக்கு மேல் அன்போடு வளர்த்திருந்தார்கள். பால்சோறும் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் தவறாமல் கொடுத்திருந்தார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது அதற்கு எழுந்து நிற்க முடியவில்லை. இரு கால்களும் வெளிப்புறமாக வளைந்திருந்தன. எக்ஸ்ரே படத்தில் எலும்புகள் சதையின் நிழலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு வெளிறியிருந்தன. கூகை எலியை முழுதாக விழுங்கும் பறவை. எலியின் எலும்பிலிருந்துதான் அதன் எலும்புக்குச் சுண்ணச்சத்து வருகிறது. வெறும் கறியில் அது இல்லை. வளைந்த எலும்பை நிமிர்த்த என்னிடம் மருந்தில்லை. அந்த வீட்டுப் பெண்மணி அழுதது இன்னும் என் நினைவில் இருக்கிறது. அவர் செய்த ஒரே பிழை, அன்பு இருந்தால் போதும் என்று நம்பியது. நம் பழைய கோயில் கோபுரங்களிலும் தேவாலய மணிக்கூண்டுகளிலும் குடியிருக்கும் இந்தக் கூகைகள் கன்னிப்பூ, கும்பப்பூ இரு போகத்திலும் வயல் எலிகளைத் தின்று நெல்லைக் காப்பவை என்பதையும், அபசகுனம் என்று கல்லெறிவது நம் களஞ்சியத்தின் மீதே எறிவதாகும் என்பதையும் வகுப்பில் தவறாமல் சொல்லுங்கள்.

எல்லா உயிரையும் எடுக்கவும் கூடாது. இறகு முளைத்துக் கண் திறந்து தத்தித் தத்தித் திரியும் குஞ்சு, பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தந்தையும் அருகில்தான் இருக்கும். பூனையைக் கட்டிவைத்துவிட்டு விலகி நிற்பதே அங்கே உதவி. இறகில்லாத குஞ்சு விழுந்திருந்தால், கூட்டை எட்ட முடியுமானால் திரும்ப வைக்கலாம். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று முற்றியிருக்கும்போது, முட்டம், குளச்சல் போன்ற கடற்கரைகளில் நடுக்கடல் பறவைகள் களைத்து ஒதுங்குவதுண்டு. இவற்றுள் சிலவற்றால் தரையிலிருந்து எழும்பிப் பறக்க இயலாது. அதைக் கண்டு பரிதாபப்பட்டு மறுபடியும் அலைக்குள் வீசுவது கொல்வதற்குச் சமம். பெட்டியில் வைத்து வனத்துறையிடம் சேர்க்க வேண்டும்.

பங்குனி ஆமை என்னும் கடலாமையைப் பற்றி நம் மீனவர்களிடம் நான் கற்றதே அதிகம். தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி நூறு முட்டைக்கு மேல் இட்டுச் செல்லும்; 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும். அவை வெளிச்சமான அடிவானத்தை நோக்கியே ஓடுகின்றன. அந்தக் காலத்தில் அடிவானம் என்றால் கடல், இன்று அது விடுதி விளக்காகவும் தெருவிளக்காகவும் இருக்கிறது. பிறந்த குஞ்சுகளை வாளித் தண்ணீரில் இட்டு மறுநாள் விருந்தினருக்குக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அலைகளைக் கடந்து ஆழ்கடல் சேர்வதற்கென்று அவை வயிற்றில் கொண்டுவந்த கருவுணவை வாளிக்குள்ளேயே நீந்திச் செலவழித்துவிடும் என்பதால் அதை விடாமல் எதிர்க்கிறேன்.

பாலூட்டிகளை வாசகர் வட்டத்தார் வெறுங்கையால் தொடவே வேண்டாம். குரங்கு, மரநாய், கீரி எது கடித்தாலும் கீறினாலும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். பழந்தின்னி வௌவால்களையும் தொடாதீர்கள். அதற்காக அவற்றை வெறுக்கவும் கற்பிக்காதீர்கள். 2018-ல் கேரளத்தில் நிபா வந்தபின் இங்கும் வௌவால் அடையும் மரங்களை வெட்டச் சொன்ன குரல்களைக் கேட்டேன். துன்புறுத்தப்படும் வௌவால்களில்தான் கிருமி பெருகும் வாய்ப்பு மிகுதி. குளத்தில் ஒரே நேரத்தில் பல பறவைகள் இறந்து மிதந்தால் ஒன்றையும் எடுக்காமல் கால்நடைப் பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்; கேரளத்தின் வாத்துப் பண்ணைகளில் பறவைக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்திருப்பதை நாம் மறக்க முடியாது. பாம்பு வந்தால் வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. கடிபட்டவரை 108 வாகனத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே ஆனது. மலையோர ரப்பர் தோட்டங்களில் காணப்படும், மூக்குநுனி மேல்நோக்கி வளைந்த குழிவிரியனுக்கு அது பயன் தருவதில்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டச் செல்லும் தொழிலாளர்களுக்கு முழங்கால் உயரக் காலணியின் அவசியத்தைச் சொல்ல ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

இனி நடைபாதைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காளிகேசம், கீரிப்பாறை என்று மலைப்பக்கம் போகும் ஆசை உங்களுக்கு இருக்கும். அங்கெல்லாம் வனத்துறையின் அனுமதியோடுதான் நடக்க முடியும். புலி, யானை நடமாடும் காட்டை ஒட்டிய பகுதியில் பள்ளிப் பிள்ளைகளை வாராவாரம் அழைத்துச் செல்வதும் இயலாது. உங்கள் வாசலிலேயே உலகம் மதிக்கும் இடம் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 94.23 ஹெக்டேர் பரப்பும், வேம்பனூர் ஈரநிலம் 19.75 ஹெக்டேர் பரப்பும் கொண்டு, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இவை மனிதர் வெட்டிய குளங்கள் என்பதையும், வயலுக்கு நீர் பாய்ச்சத் தோன்றியவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உழவும் பறவையும் ஒரே மடையில் வாழ்ந்து வந்த இடம் இது.

பாதை அமைக்க ஒன்றும் கட்ட வேண்டாம். சிமென்ட் தளமும், அலங்கார விளக்கும், செல்ஃபிக்கான வளைவும் வந்த கரையில் பறவை தங்காது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு, நீர்ப்பரப்புக்குக் கிழக்கே அமைந்த கரையைத் தேர்ந்தெடுங்கள். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் போதும். இரண்டு மூன்று இடங்களில் மூங்கில் நட்டுப் பனையோலைத் தட்டி கட்டி, அதில் பெரியவர் கண் உயரத்தில் ஒன்றும் ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒன்றுமாகத் துளை விடுங்கள். மஞ்சள், சிவப்பு உடைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். குளம் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தால் அவர்களிடமும் எழுத்துவழி இசைவு பெற்றுவிடுங்கள். உள்ளாட்சியில் சட்டப்படி அமைய வேண்டிய உயிர்ப்பன்மய மேலாண்மைக் குழு செயல்படுகிறதா என்று விசாரித்து, அதில் உங்கள் ஆட்கள் இருவரைச் சேர்த்துவிட்டால் பல கதவுகள் எளிதில் திறக்கும்.

கரையில் நின்று எதைக் காட்டுவது? தாமரையைக் காட்டுங்கள். தோவாளைச் சந்தைக்குப் போகும் பூ என்று மட்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த இலைமீது நடக்கும் நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சுகளை நடத்திச் செல்வதும் ஆண்தான் என்று சொன்னால் வகுப்பறையில் வராத வியப்பு முகங்களில் வரும். அடுத்து, அதே தாமரை குளம் முழுவதையும் மூடிவிட்டால் கூழைக்கடா எங்கே இறங்கும், அதன் அலகுப்பை எந்த நீரில் மீன் அள்ளும் என்று கேளுங்கள். பூ விற்பவருக்கும் வேண்டும், இலைக்கோழிக்கும் வேண்டும், கூழைக்கடாவுக்குத் திறந்த நீரும் வேண்டும். எவ்வளவு விடுவது என்று பிள்ளைகளே பேசிப் பார்க்கட்டும். நத்தைகுத்தி நாரை தின்றுவிட்டுப் போன நத்தை ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து, அந்தப் பறவையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளியோடு இருப்பது ஏன் என்று யோசிக்க விடுங்கள். பறவைப் பெயர்களை நூலிலிருந்து மட்டும் சொல்லாமல், மடை திறப்பவரிடமும் தூண்டில் போடுபவரிடமும் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயரையும் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அந்தப் பெயர்கள் அவர்களோடு மறைந்து வருகின்றன.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்கும், நீர் வற்றும் காலத்தில் பூநாரை வரக்கூடிய புத்தளம் உப்பளத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தையே ஆழிப்பேரலை அடித்துச் சென்றது. அந்த முகத்துவாரத்தில் இன்று நிற்கும் அலையாத்திச் செடிகளின் அருகில் நின்று பேசும்போது, வேர் என்றால் என்ன என்பதைப் பாடநூல் தேவைப்படாமலே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். மருந்துவாழ்மலைக்குச் சென்றால் ஒரே ஒரு கட்டுப்பாடு: எந்த மூலிகையையும் பிடுங்கக் கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இரண்டு இருநோக்கிகள், ஒரு பதிவேடு, ஐந்தாறு அட்டைப்பெட்டிகள், துவர்த்துகள், தடித்த கையுறை இரண்டு, நரம்பு வெட்டச் சிறு கத்தரி ஆகியவற்றோடு முதலாண்டு முழுவதும் ஓட்டிவிடலாம். சிகிச்சைக்கூடம் உண்மையிலேயே தேவை என்று மூன்றாண்டுப் பதிவேடு காட்டினால், அப்போது துறையோடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். மனித முகம் தெரியாமல் உணவு வைக்கும் அறை, புதிதாய் வந்ததைத் தனித்து வைக்கும் அறை, சிறகு தேறப் பறந்து பழகும் நீண்ட கூண்டு ஆகியவை இல்லாத இடத்தில் தேற்றுதல் நடவாது. பறவை நேராகப் பறக்கிறதா, தானே இரை பிடிக்கிறதா, மனிதரைக் கண்டால் ஒதுங்குகிறதா என்ற மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின்பே, எடுத்த இடத்திலேயே விடுவிக்க வேண்டும்.

முதல் நடையை ஐப்பசி மழை சற்று விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இறங்கத் தொடங்கியிருக்கும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். காலை 6 மணிக்குக் கரையில் கூடி, 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். போகும்போது பறவைகளை எண்ணுங்கள், திரும்பும்போது நரம்பும் வலைத்துண்டும் பொறுக்குங்கள், இரண்டையும் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பொங்கல் நாட்களில் மாநிலம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்குள் உங்களிடம் நான்கைந்து ஞாயிறுகளின் கணக்கு சேர்ந்திருக்கும், அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.